எளிய முறையில் அணி உருவாக்குவது எப்படி?

"இதுவரைக்கும் எத்தனை பேர் சேர்ந்திருக்காங்க?" என்று கேட்டார் பொது மேலாளர்.

அறிவிப்புப் பலகையில் தாளைக் குத்திவிட்டு வந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மிச்சமிருந்த ஒரு குண்டூசி இன்னும் கையிலேயே இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைக் காலரில் செருகிக்கொண்டே பதில் சொன்னான் விளக்கவுரை.

"இன்னும் யாரும் சேரல சார். இப்பதானே ஒட்டியிருக்கேன். போகப் போகத் தானா வருவாங்க."

பொது மேலாளர் தேநீர்க் கோப்பையைத் தட்டில் வைத்தார். அது கொஞ்ச நேரம் ஆடி அடங்கியது.

விளக்கவுரை என்பது அலுவலகம் அவனுக்கு வைத்த பெயர். கழிப்பறை எங்கே என்று கேட்ட ஒரு விருந்தாளிக்கு, கட்டடத்தின் வரைபடத்தையே போட்டுக் காட்டியவன் அவன். போட்டு முடித்து நிமிர்ந்தபோது விருந்தாளி இல்லை. புள்ளிவிவரப் பிரிவில் இரண்டு வருடமாகத் தற்காலிக ஊழியன். வெள்ளிக்கிழமையோடு ஒப்பந்தம் முடிகிறது. அதற்குள் நிரந்தர ஆணை வராவிட்டால் திங்கட்கிழமை காலை எழுந்து சவரம் செய்துகொள்ள வேண்டிய அவசியம் இல்லை.

அது ஒரு கருத்துக்கணிப்பு நிறுவனம். சோப்பு, சாலை, தேர்தல் என்று எதைப் பற்றியும் லட்சக்கணக்கான பேர் என்ன நினைக்கிறார்கள் என்று கண்டுபிடித்துச் சொல்லிவிடும். எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் என்ன நினைக்கிறான் என்பதை மட்டும் அங்கே யாராலும் கண்டுபிடிக்க முடிந்ததில்லை.

தன்னால் நிறுவனத்துக்குப் பயன் உண்டு என்று கடைசி வாரத்திலாவது காட்டிவிட வேண்டும் என்பதுதான் விளக்கவுரையின் திட்டம். புள்ளிவிவரக்காரர்கள் கணினியில் பயன்படுத்தும் 'ஆர்' என்ற மொழியில், எண்களைக் கட்டம் கட்டமாக அடுக்கி மேட்ரிக்ஸ் செய்வது எப்படி என்று எல்லோருக்கும் ஒரு மணி நேரம் வகுப்பெடுப்பது. அப்படித்தான் முதலில் எழுதியும் கொடுத்தான். ஆனால் பொது மேலாளர் பதவிக்கு வந்த நாளிலிருந்து அலுவலகத்தில் அந்நியச் சொல்லுக்கு இடமில்லை. தாள் சிவப்பு மையோடு திரும்பி வந்தது: 'தூய சொல் இடுக.' பள்ளிக்கூடப் புத்தகத்தில் மேட்ரிக்ஸுக்கு அணி என்றுதான் போட்டிருக்கும். அதையே இட்டான். 'ஆர்' என்பதும் அந்நியம் என்று தட்டச்சர் அம்மா எடுத்துவிட்டார். கடைசியில் பலகையில் இருந்தது இவ்வளவுதான்:

'எளிய முறையில் அணி உருவாக்குவது எப்படி? வெள்ளி மாலை மூன்று மணி. மேல்மாடிக் கூட்ட அறை. விருப்பமுள்ளோர் அனைவரும் வருக.'

பொது மேலாளர் கணக்கைப் பள்ளியில் எந்த வகுப்போடு கைகழுவினார் என்பது யாருக்கும் தெரியாது. அவருக்குத் தெரிந்த அணி ஒரே வகைதான். ஊழியர் சங்கத்தில் ஏற்கெனவே மாடி அணி, கீழ்த்தள அணி என்று இரண்டு இருந்தன. குளிர்சாதனத்தை எத்தனையில் வைப்பது என்று அவை ஒன்றையொன்று கடித்துக்கொண்டிருக்கும்வரை அவருடைய நாற்காலிக்கு ஆபத்தில்லை. மூன்றாவதாக ஒன்று முளைத்தால்?

"எதுல ஆரம்பிக்கிறீங்க?" என்றார்.

"ஆர்ல சார்."

"யார்ல?"

"ஆர்ல சார். ஆர்."

"நான் யாருன்னு கேட்டா, நீங்க என்னையே ஆருன்னு திருப்பிக் கேக்குறீங்களா?"

"இல்ல சார், அது பேரே அப்படித்தான்."

"சரி, விடுங்க. அணி உருவாக்குறது அவ்வளவு சுலபமா?"

கேள்வி கேட்டுவிட்டார். விளக்கவுரையின் முகம் மலர்ந்துவிட்டது.

"ஒரே வரி சார்! முதல்ல எல்லாத்தையும் ஒண்ணா சேத்துக்கணும். அப்புறம் எத்தனை நிரை, எத்தனை நிரல்னு சொல்லிட்டா, தன்னால வந்து வரிசையா நின்னுடும்."

"யாரு அந்த நிரை, நிரல்?"

"படுக்கையா கிடக்கிறது நிரை சார். நெட்டுக்குத்தலா நிக்கிறது நிரல்."

தன் ஊழியர்களில் படுக்கையாகக் கிடப்பவர்கள் யார் என்று பொது மேலாளர் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தார். ஏறக்குறைய எல்லோருமே வந்தார்கள்.

"ஏற்கெனவே ரெண்டு அணி இருக்கே இங்க?"

"இருந்தா இன்னும் வசதி சார். பக்கத்துல பக்கத்துல வச்சு ஒட்டிடலாம். இல்லன்னா ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கிடலாம். அளவு ஒத்துப் போகணும், அவ்வளவுதான்."

"ஆள் பத்தலன்னா?"

"அதையும் அதுவே பாத்துக்கும் சார். இருக்கிறதையே மறுபடி முதல்லேர்ந்து போட்டு நிரப்பிக்கும்."

"கள்ளக் கணக்கு!"

"ஐயோ, இது வேற சார். மேட்ரிக்ஸ்..."

"அந்நியச் சொல் வேண்டாம்!" மேசை அதிர்ந்தது. "வெள்ளிக்கிழமையோட உங்க ஒப்பந்தம் முடியுது. ஞாபகம் இருக்கா? மொதல்ல அந்தத் தாளை எடுங்க. நவ் கெட் அவுட்!"

கோபம் வந்தால் தூய சொல் வராது.

விளக்கவுரை ஓடிப்போய்த் தாளை எடுத்தான். பிரச்சினை அதோடு தீர்ந்தது என்று நினைத்தான். தாள் பலகையில் இருந்தபோது அதைப் படித்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவருக்குக் கண்ணாடி இல்லை. தாளைப் பிய்த்து எடுக்கிறான் என்றதும் இரண்டு தளமும் படிக்கட்டுக்கு வந்துவிட்டன.

"கிழிக்கச் சொல்லிட்டாரா?" என்று காதருகே கேட்டார் பண்டகக் காப்பாளர். கீழ்த்தள அணியின் தலைவர் அவர்தான். பேனா கேட்டுப் போனால் பழைய பேனாவைக் காட்டச் சொல்பவர். இன்று அவர் கையில் ஒரு புதுப் பேனா இருந்தது. அதை விளக்கவுரையின் சட்டைப் பையில் அவரே செருகினார்.

"அப்படியெல்லாம் இல்லண்ணே. சின்ன தப்பர்த்தம்."

"தம்பி, எனக்குத் தெரியாதா? பேசாம இருக்கிற ஆள்தான் செய்வான். ரெண்டு வருஷமா உன்னை ஒண்ணுமில்லாதவன்னு நினைச்சுட்டேன் பாரு. செயலாளர் பதவியை மட்டும் யாருக்கும் வாக்குக் குடுத்துடாத."

"அண்ணே, இது கணக்கு."

"நீ கணக்குப் போட்டுத்தான் இறங்கியிருக்கன்னு தெரியுதே!"

மறுநாள் காலையில் விளக்கவுரை ஒரு முடிவுக்கு வந்தான். எழுத்தால் வந்த குழப்பத்தை எழுத்தால்தான் தீர்க்க வேண்டும். புதுத் தாள் ஒட்டினான்:

'வெள்ளியன்று பேசப்படும் அணி, பொது மேலாளருக்கு எதிரானது அல்ல. மாடி அணிக்கோ கீழ்த்தள அணிக்கோ எதிரானதும் அல்ல. இதன் பின்னால் யாரும் இல்லை.'

பத்தரை மணிக்குள் அலுவலகம் முழுவதும் மூன்று செய்திகள் உறுதியாகிவிட்டன. ஒன்று, அணி பொது மேலாளருக்கு எதிரானது. இரண்டு, மற்ற இரண்டு அணிகளுக்கும் எதிரானது. மூன்று, பின்னால் மேலிடத்து ஆள் யாரோ இருக்கிறார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால், கூடத்தில் மாமனார் எழுந்து நின்றார். மாப்பிள்ளையைப் பார்த்து அவர் எழுந்தது இதுவே முதல் தடவை. இரண்டு வருடமாக, வருகிறவர்களிடம் எல்லாம் 'இவர் நம்ம பொண்ணோட வீட்டுக்காரர், தற்போதைக்கு' என்று அறிமுகப்படுத்துகிறவர் அவர். வேலையும் தற்காலிகம், ஆளும் தற்காலிகம் என்பது அவர் கட்சி.

"உக்காருங்க மாப்பிள்ளை. உங்க ஆபீஸ்லேர்ந்து ஒருத்தர் போன் பண்ணாரு. தனி அணி ஆரம்பிச்சுட்டீங்களாமே! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாத்தீங்களா?"

"மாமா, அது அணியில்ல. அதாவது அணிதான். ஆனா மனுஷங்க இல்ல, எண்கள்."

"எண்ணிக்கைதான் மாப்பிள்ளை முக்கியம்! அதைத்தான் நானும் சொல்றேன்."

விளக்கவுரை ஒரு காகிதத்தை எடுத்தான். கட்டம் போட்டான். ஒன்று முதல் ஆறு வரை எழுதினான். மாமனாரின் முகம் ஒவ்வொரு கட்டமாக வாடியது. ஆறாவது கட்டத்தில் அவர் பழையபடி செய்தித்தாளை விரித்துவிட்டார்.

"அப்ப தற்காலிகம்தான்" என்றார், தாளுக்குப் பின்னாலிருந்து.

மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏங்க, அப்பா இருவது நிமிஷம் உங்களை மதிச்சாரு. அது உங்களுக்குப் பொறுக்கலையா?"

"உண்மையைச் சொல்ல வேணாமா?"

"வெள்ளிக்கிழமை முடியற வரைக்குமாவது வாயைத் திறக்காதீங்க. உங்களுக்கு எதிரி வெளிய இல்ல. உங்க விளக்கம்தான்."

"அப்படி இல்லம்மா, ஏன்னா..." என்று அவன் விளக்கத் தொடங்க, அவள் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் மீதி போய்விட்டது.

வியாழக்கிழமை வேறு வழியில் போய்ப் பார்த்தான். வெறும் எண்களைக் காட்டினால்தானே புரியவில்லை? பழக்கமான பெயர்களைக் கட்டத்தில் போட்டுக் காட்டினால் அணி என்பது வெறும் அடுக்கு என்று யாருக்கும் விளங்கிவிடும். அலுவலகத்தின் பதவிகளையே எடுத்துக்கொண்டான். பொது மேலாளர், துணை மேலாளர், கணக்காளர், காசாளர், பண்டகக் காப்பாளர், தட்டச்சர், ஓட்டுநர், கோப்பு உதவியாளர், மின்பணியாளர், துப்புரவாளர், காவலாளி. மூன்று நிரை, நான்கு நிரல் என்று கணினியில் கொடுத்து விசையைத் தட்டினான். திரையில் ஏதோ எச்சரிக்கை வந்தது. எச்சரிக்கைகளுக்குப் பழகிப்போன வாரம் அது. படிக்காமல் இருபது பிரதி அச்சடித்து மேசைக்கு மேசை வைத்துவிட்டான்.

அந்த 'ஆர்' மொழிக்கு ஒரு குணம் உண்டு. எதைக் கொடுத்தாலும் படுக்கை வாட்டத்தில் நிரப்பாது. மேலிருந்து கீழாக, ஒரு நிரல் முடிந்து அடுத்த நிரல் என்றுதான் இறங்கும். படுக்கையாக நிரப்பு என்று தனியாகச் சொல்ல வேண்டும். விளக்கவுரை சொல்லவில்லை. அதனால் முதல் நிரையில் பொது மேலாளருக்குப் பக்கத்தில் காசாளர், ஓட்டுநர், துப்புரவாளர் என்று வந்து நின்றார்கள். துணை மேலாளர் இரண்டாவது நிரைக்குப் போய்விட்டார். அதே நிரையின் கடைசியில் காவலாளி. இன்னொரு குணமும் உண்டு. கட்டம் பன்னிரண்டு, பதவி பதினொன்று. மிஞ்சிய கட்டத்தை வெறுமனே விடாமல் முதலில் இருந்தவரையே கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டது. காவலாளிக்கும் கீழே, கடைசி நிரையின் கடைசிக் கட்டத்தில், மறுபடியும் பொது மேலாளர்.

முதலில் வந்தவர் துணை மேலாளர். "பதினெட்டு வருஷ சர்வீஸ்! நான் ரெண்டாவது நிரை. பெருக்கறவங்க முதல் நிரையா?"

"சார், அது மேலேர்ந்து கீழ வர்ற முறை."

"மேலேர்ந்து கீழ வர்றதுதான் தெரியுதே!"

துப்புரவாளர் அம்மா தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னார்: "தம்பி, இத்தனை வருஷத்துல ஒரு படிச்ச புள்ள எனக்கு மரியாதை குடுத்திருக்கு. என் ஓட்டு உனக்குத்தான்."

பண்டகக் காப்பாளர்தான் தாளை ஆழமாகப் படித்தார். "பாத்தீங்களா? எல்லார் பதவியும் இருக்கு. இவரோடது மட்டும் இல்ல. தனக்கு ஒண்ணும் வேணாங்கறாரு. தலைவன்னா இவன்தான்யா தலைவன்!"

பன்னிரண்டாவதாகத் தன் பதவியைப் போட்டிருந்தால் கட்டம் சரியாக நிரம்பியிருக்கும், பொது மேலாளரும் கடைசிக் கட்டத்துக்கு வந்திருக்க மாட்டார் என்று விளக்கவுரைக்கு அப்போதுதான் உறைத்தது. அதைப் பண்டகக் காப்பாளருக்கு விளக்கினான். பண்டகக் காப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாலை நான்கு மணிக்குப் பொது மேலாளர் கூப்பிட்டனுப்பினார். மேசையில் அந்தத் தாள். அவர் பதவி வந்த இரண்டு இடத்திலும் சிவப்பு வட்டம்.

"உக்காருங்க" என்றார்.

விளக்கவுரை நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். இந்த அறையில் அவன் இதுவரை உட்கார்ந்ததே இல்லை.

"தேநீர் சாப்பிடுறீங்களா? சர்க்கரை எவ்வளவு?"

முடிந்தது கதை என்று நினைத்தான். திட்டினால் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது என்று அர்த்தம். சர்க்கரை அளவு கேட்டால் வழியனுப்புகிறார்கள்.

"மேலயும் நான், கடைசியிலயும் நான்" என்றார் பொது மேலாளர், விரலால் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் கோடு இழுத்துக்கொண்டே. "எனக்குப் புரியுது. எந்த வழியா எங்க கொண்டு போய் விடப் போறீங்கன்னு நாசூக்கா சொல்லிட்டீங்க."

"சார், அது ஒரு ஆள் குறைஞ்சதால..."

"என்ன எதிர்பாக்குறீங்க? வெளிப்படையா பேசலாம்."

"எனக்கு ஒண்ணும் வேணாம் சார். நாளைக்கு வகுப்பு மட்டும் நடந்தா போதும். நீங்களும் முன்வரிசைல வந்து உக்காந்தீங்கன்னா எல்லாம் தெளிவாயிடும்."

பொது மேலாளர் கைக்குட்டையை எடுத்தார். நெற்றி வேர்த்திருந்தது. குளிர்சாதனம் பதினெட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

"வர்றேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை முழுவதும் விளக்கவுரை தன் மேசைப் பக்கமே போகவில்லை. மேல்மாடி அறையிலேயே கிடந்து பாடத்தை ஏழு தடவை சொல்லிப் பார்த்தான். இன்று எப்படியாவது இது கணக்குதான் என்று நிரூபித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு வருட உழைப்பு, வேலை, மாமனார் முன்னால் தலைநிமிர்வு, எல்லாம் மூன்று மணிக்கு ஒரு சொல்லின் மேல் வழுக்கி விழுந்துவிடும்.

மூன்று மணிக்கு அறையில் நிற்க இடமில்லை. இடப்பக்கம் மாடி அணி, வலப்பக்கம் கீழ்த்தள அணி, நடுவில் எந்தப் பக்கம் சாய்வதென்று முடிவு செய்யாதவர்கள். முன்வரிசையில் பொது மேலாளர், கைகளைக் கட்டிக்கொண்டு. கணினித் திரையைச் சுவரில் விழச் செய்துவிட்டு, விளக்கவுரை தொண்டையைச் செருமினான். யாரோ கைதட்டினார்கள்.

"ஒண்ணு முதல் ஆறு வரைக்கும் எண்கள் இருக்குன்னு வைங்க..."

"ஆறு பேர் கொண்ட குழு" என்று பண்டகக் காப்பாளர் குறித்துக்கொண்டார்.

"ரெண்டு நிரை, மூணு நிரல். பாருங்க, ஒண்ணும் ரெண்டும் முதல் நிரல்ல கீழ கீழ வந்துடுச்சு."

"ஒண்ணாவது அணியும் ரெண்டாவது அணியும் கூட்டு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கிசுகிசுத்தது.

"இல்லங்க, ஒண்ணுன்னா ஒண்ணுதான். வெறும் ஒண்ணு."

பத்து நிமிடம் வரை சங்கேதம் தேடினார்கள். விளக்கவுரை விடவில்லை. வாழ்நாளில் அவன் அவ்வளவு நன்றாக விளக்கியதில்லை. நெடுக்காக நிரப்பினான், படுக்கையாக நிரப்பினான். இரண்டு அணிகளைப் பக்கவாட்டில் ஒட்டினான், மேலும் கீழும் அடுக்கினான். ஒரு நீளமான எண்வரிசைக்கு அளவை மட்டும் சொல்லி அப்படியே மடக்கிக் கட்டமாக்கினான். நிரையை நிரலாகத் திருப்பினான். நேற்றைய தாளையும் திரையில் போட்டு, பொது மேலாளர் ஏன் இரண்டு தடவை வந்தார் என்பதை எச்சரிக்கை வாசகத்தோடு சேர்த்துக் காட்டினான்.

இருபதாவது நிமிடத்தில் மாடி அணியில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தொலைபேசி அழைப்பு வந்து, எழுந்து போனார்கள். முப்பதாவது நிமிடத்தில் பண்டகக் காப்பாளர் எழுந்து வந்து, அவன் சட்டைப் பையிலிருந்த புதுப் பேனாவை எடுத்துக்கொண்டு போனார். துப்புரவாளர் அம்மா மட்டும் வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்து, "அப்ப அந்த முதல் வரிசை?" என்றார்.

"தற்செயலா வந்ததும்மா."

"தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடைசியில் அறையில் மிஞ்சியது பொது மேலாளர் ஒருவர்தான்.

"ஆக, நிரைங்கறது...?"

"படுக்கைக் கோடு சார்."

"நிரல்?"

"நெட்டுக் கோடு சார்."

"பின்னால யாரும்...?"

"யாருமே இல்ல சார். முன்னாலயும் யாரும் இல்ல, பாருங்க."

பொது மேலாளர் காலியான நாற்காலிகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார். நான்கு நாளாக அடக்கி வைத்த சிரிப்பு. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். எழுந்து வந்து விளக்கவுரையின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"வெறும் கணக்கு! உங்களைப் போயி நான் பெரிய ஆளுன்னு நினைச்சுட்டேனே! ரொம்ப நல்லா விளக்குனீங்க. ஒரு சந்தேகம் மிச்சமில்ல." விசிலடித்துக்கொண்டே படியிறங்கினார்.

விளக்கவுரைக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கினாற்போல் இருந்தது. வீட்டுக்குத் தொலைபேசி செய்தான்.

"எல்லாம் சரியாயிடுச்சும்மா. அவருக்கே புரிஞ்சிடுச்சு. கையெல்லாம் குலுக்கினாரு."

"நெசமாவா? கையில காகிதம் வந்துச்சா?"

"வரும்" என்று சொல்லிக்கொண்டே தன் மேசைக்கு வந்தவன் அப்படியே நின்றான். விசைப்பலகையின் மேல் ஒரு பழுப்பு உறை. உள்ளே நிறுவனத்தின் முத்திரையோடு ஒரே ஒரு தாள். 'தங்கள் செல்வாக்கையும் சேவையையும் கருத்தில் கொண்டு, தங்களை நிரந்தரப் பணியில் அமர்த்துவதில் பெருமை அடைகிறோம்.' கீழே பச்சை மையில் பொது மேலாளரின் கையெழுத்து. தேதி இன்றையது.

"வந்துடுச்சும்மா!" என்று கத்தினான். "நிரந்தரம்! மாமாகிட்ட குடு, மாமாகிட்ட குடு!"

மாமனார் வருவதற்குள் தட்டச்சர் அம்மா வந்து மேசையருகே நின்றார். அவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, கையிலிருந்த தாளைத்தான் பார்த்தார்.

"அதைத் திருப்பி வாங்கிட்டு வரச் சொன்னாரு தம்பி, அது காலைல, நீங்க அணித் தலைவரா இருந்தப்ப போட்ட கையெழுத்தாம்."